காட்டு ஏலமும் வீட்டு நிழலும்

ஏலக்காயை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. பாயசத்திலும் வட்டிலாப்பத்திலும் தேநீரிலும் அதன் மணத்தை நாம் அனைவரும் நுகர்ந்திருக்கிறோம். ஆயினும், கடையில் சிறு பொதியாக வாங்கும் அக்காய் எத்தகைய நிலத்தில், எத்தகைய நிழலில் விளைந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏலம் வயலிற் பிறந்த பயிரன்று. காட்டிற் பிறந்த பயிர். நெல்லையும் மரக்கறியையும் போல முழு வெயிலை விரும்புவதன்று. பெருமரங்களின் கீழே, உக்கிய இலைகள் நிறைந்த ஈரமண்ணில், அரை நிழலில் வளர்வது. இவ்வியல்பே அதன் சிறப்பு. அதனால் விளையக்கூடிய கேட்டிற்கும் இவ்வியல்பே காரணம்.

றக்வானப் பகுதியிலுள்ள கமக்காரர்கள் இதனை நன்கு ஆராய்தல் வேண்டும். இங்கே மலையுச்சியிற் காடும், சரிவில் தேயிலையும், அதன் கீழ் வீட்டுத் தோட்டங்களும், பள்ளத்தாக்கில் நெல்வயல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே நிகழ்வது எதுவாயினும் அதன் பயன் கீழே வந்து சேரும். ஆகவே, மலையிலே ஒரு வாசனைப் பயிரை எங்கு நடுவது என்ற கேள்வி, மலையில் வாழ்வோரின் கேள்வி மட்டுமன்று; வயலில் நாற்று நடுவோரின் கேள்வியுமாகும். காட்டு நிழலில் வளரும் வாசனைப் பயிர்களின் இயல்பையும், அவற்றைக் காட்டைக் கெடுக்காது நம் சொந்த நிழலில் வளர்க்கும் முறையையும் விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கடல் கடந்த ஓர் உறவு

நம் ஏலத்திற்கு ஆப்பிரிக்காக் கண்டத்தில் நெருங்கிய உறவுச் செடிகள் பல உண்டு. அவையும் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றுள் ஒன்று, எதியோப்பிய நாட்டின் தென்மேற்கு மலைக்காடுகளில் தானாகவே வளரும் கொரரிமா என்னும் செடியாகும். தாவர நூலார் இதனை அஃப்ராமோமம் என்னும் இனத்தில் வைத்துள்ளனர்.

கொரரிமாவின் தோற்றத்தை நம்மவர் எளிதில் மனத்திற் கொள்ளலாம். ஏலம், இஞ்சி, மஞ்சள் ஆகியன போல நிலத்தடிக் கிழங்கிலிருந்து இலைத் தண்டுகள் கூட்டமாக எழும். ஆறடி உயரம் வரை வளரும். பூக்கள் தண்டின் நுனியில் மலர்வதில்லை. அடிக்கிழங்கிலிருந்து, நிலத்தை ஒட்டியே மலர்கின்றன. காய்கள் ஏலக்காயினும் பன்மடங்கு பெரியவை. பழுத்தவுடன் சிவந்து விடும். அந்நாட்டார் பழத்தின் அடியில் ஒரு துளையிட்டு, நூலிற் கோத்து மாலையாகக் கட்டி வெயிலில் உலர்த்துவர். துளையிடுவதால் சதைப்பற்றுள்ள பழம் அழுகாது விரைவில் உலர்கிறது. உலர்ந்த பழத்தினுள்ளே பளபளப்பான கபில நிற விதைகள் இருக்கும். எதியோப்பியரின் சமையலில் நீங்காத இடம் பெற்ற பெர்பெரே என்னும் மிளகாய்த் தூளிலும், கோப்பிப் பானத்திலும் இவ்விதையைச் சேர்ப்பர். இதன் மணமும் ஏலத்தின் மணத்தை ஒத்ததே. இரண்டின் நறுமண எண்ணெயிலும் சினியோல் என்னும் பொருள் அடங்கியிருப்பது இவ்வொற்றுமைக்கு ஒரு காரணமாகும்.

கொரரிமா வளரும் அதே காடுகளிலேதான் உலகெங்கும் இன்று பருகப்படும் அராபிக்காக் கோப்பியும் காட்டுச் செடியாக வளர்கிறது. கஃபா என்னும் அம்மலைப் பகுதியை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உயிர்மண்டல ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. மேல்மரம் நிழல் தர, நடுவே கோப்பியும், அடியிலே கொரரிமாவும் வளரும். மக்கள் மூன்றினாலும் பயன் பெறுவர். ஆனால், காடு பயிர்நிலமாக மாறி வரும் இடங்களிலெல்லாம் காட்டுக் கொரரிமாவும் குறைந்து வருகிறது. நிழல் போனபின் அச்செடிக்கு அங்கே வாழ்வில்லை. எனவே அந்நாட்டுக் கமக்காரர் பலர் கொரரிமாவைத் தம் வீட்டைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தாமே வளர்த்த மரங்களின் நிழலில் நட்டு வருகின்றனர். கடல் கடந்து வாழும் இக்கமக்காரரின் செயலில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

நம் நாட்டுக் காட்டேலம்

நம் நாட்டின் ஈரவலய மலைக்காடுகளிலும் தானாக வளரும் ஏலவகை ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதது அது. ஏலத்தைச் சிங்கள மொழியில் எனசால் என்பர். 1788ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலறிஞராகிய யோசேப் கேர்ட்னர் இக்காட்டு வகைக்குப் பெயரிட்டபோது, அச்சிங்களச் சொல்லையே அதன் தாவரப் பெயரிற் சேர்த்தார். இதன் காய் கடையேலத்தினும் நீண்டு பருத்தது. உலர்ந்தபின் கபில நிறம் அடைவது. மணத்திற் சற்றுக் குறைந்தது.

நாம் பயிரிடும் ஏலம் இதனின் வேறானது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டது அது. மலபார், மைசூர், வழுக்கை என அதில் மூவகை உண்டு. மலபார் வகையின் பூங்கொத்து நிலத்திற் படர்ந்து கிடக்கும். மைசூர் வகையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். வழுக்கை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

பயிர் ஏலம் நன்கு விளைவதால் காட்டேலத்தினாற் பயனில்லை எனக் கருதுதல் தவறு. ஒரு பயிரைப் புதிய நோய் தாக்கும்போது, அந்நோயைத் தாங்கும் ஆற்றலை ஆராய்ச்சியாளர் தேடுவது அப்பயிரின் காட்டு உறவுகளிடத்திலேயாகும். நெல்லிலும் இவ்வாறே காட்டு நெல்லினங்களின் குணங்கள் பயன்பட்டுள்ளன. ஆதலின், காட்டேலத்தைக் காட்டிலேயே விட்டுவைத்தல் நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்கும் வித்து எனலாம். அதனைக் கிழங்கோடு பெயர்த்து வருதல் ஆகாது.

காட்டின் அடியில் ஏலச் செய்கை

இனி, நம் பகுதியில் நிகழ்ந்ததைக் காண்போம். சிங்கராஜக் காட்டின் கிழக்கெல்லையில், றக்வானைக்கும் சூரியகந்தவிற்கும் அணித்தாக உள்ள மோர்னிங்சைட் பகுதி மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அங்கே காட்டின் பெருமரங்களை நிற்க விட்டு, அடியிலுள்ள செடிகொடிகளையும் இளமரங்களையும் வெட்டி அகற்றி, ஏலம் நடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகளிலும் இவ்வழக்கம் பெருமளவில் நிலவியது.

இம்முறைக்கு ஆதரவாகச் சிலர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. “தேயிலைக்காகவும் இறப்பருக்காகவும் காட்டை முற்றாக அழித்தனர். ஏலத்திற்கோ பெருமரங்கள் அப்படியே நிற்கின்றன. ஆகவே காட்டுக்கு என்ன கேடு?” என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு. காட்டை முற்றாக அழிப்பதினும் அடியில் ஏலம் நடுவது தீமை குறைந்ததே. ஆனால் தீமை இல்லாததன்று. அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்டல் வேண்டும்.

ஒரு வீட்டில் முதியோர் மாத்திரம் இருந்து, பிள்ளைகள் ஒருவரும் இல்லையாயின் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? ஏலம் நட்ட காட்டின் நிலையும் அத்தகையதே. மேலே நிற்கும் மரங்கள் முதிய மரங்கள். அவற்றின் இடத்தைப் பின்னொரு நாளில் நிரப்ப வேண்டிய கன்றுகள், ஒவ்வோர் ஆண்டும் களை என வெட்டப்படுகின்றன. முதிய மரம் ஒன்று காற்றில் விழுந்தால் அங்கே வெளி உண்டாகிறது. அவ்வெளி மூடுவதில்லை. காடு உயரத்திலே பசுமையாகத் தோன்றினும், அடியிலே வழித்தோன்றல் அற்றுப் போகிறது. மேலும், அடிச்செடிகளும் சருகும் அகன்ற சரிவில், மழைத்துளி மண்ணில் நேரே மோதி மேல்மண்ணைக் கரைத்துச் செல்கிறது. காயை உலர்த்தும் சூளைகளுக்கு வேண்டிய விறகும் அதே காட்டிலிருந்தே வெட்டப்படும். இங்ஙனம் மூன்று வழியில் காடு மெலிகிறது. ஏலத்தைக் கைவிட்ட பின்னரும் அந்நிலம் பழைய காட்டின் தன்மையை அடைய நீண்ட காலம் செல்லும்.

இக்காரணங்களால் காலப்போக்கில் இவ்வழக்கத்திற்குத் தடை வந்தது. சிங்கராஜக் காட்டில் 1970களில் நிகழ்ந்த மரம் வெட்டல் 1977இல் நிறுத்தப்பட்டது. 1978இல் அக்காடு உயிர்மண்டல ஒதுக்கிடமாயிற்று. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒதுக்கப்பட்ட காடுகளில் அடிச்செடிகளை வெட்டுதலும், பயிர் நடுதலும், செடிகளைப் பெயர்த்தலும் சட்டப்படி குற்றமாகும்.

வயலுக்கும் காட்டிற்கும் உள்ள தொடர்பு

சட்டத்தினும் வலிய காரணம் ஒன்று கமக்காரருக்கு உண்டு, அது நீர். றக்வான மலைகளிற் பிறக்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு றக்வான கங்கை வளவை கங்கையை அடைகிறது. சிங்கராஜக் காடோ களு கங்கைக்கும் கின் கங்கைக்கும் நீரூட்டுகிறது. இவ்வோடைகளை மறித்துக் கட்டிய சிறு அணைகளினின்றும் வாய்க்கால்களினின்றும் நம் பள்ளத்தாக்கு வயல்கள் நீர் பெறுகின்றன.

காட்டின் மண் நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடும் தன்மையது. மேல்மர இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. அடிச்செடிகள் மீண்டும் தணிக்கின்றன. சருகுப் படை இறுதியாக ஏற்று, வேர்த்துளைகளின் வழியே நிலத்துள் இறக்குகிறது. இப்படிகளுள் ஒன்றை அகற்றினாலும் மழைநீர் மேலோட்டமாக ஓடிவிடும். அப்பொழுது மழைக்காலத்தில் ஓடை சேறு கலந்து பெருகும். தை, மாசி மாதங்களில் மெலிந்து போகும். வாய்க்காலில் மண் நிறைந்து, ஆண்டுதோறும் அதனைத் தூர்வாரும் உழைப்பு கூடும். மேலே ஒருவர் ஏலத்தாற் பெற்ற இலாபத்தின் ஒரு பங்கைக் கீழே பலர் தம் உழைப்பால் ஈடுசெய்கின்றனர். காட்டு நிழல் விலையின்றிக் கிடைப்பதாகத் தோன்றுவது வெறுந் தோற்றமே. அதன் விலையை வயல் செலுத்துகிறது.

இரத்தினபுரி மாவட்டம் 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் பெருவெள்ளத்தாலும் மண்சரிவாலும் உயிர்களை இழந்தது. அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முற்றாகத் தடுத்துவிடாது. ஆயினும் செங்குத்தான சரிவில் மண்ணைப் பற்றி நிற்கும் வேர்களை நாமே அகற்றுதல் அறிவுடைமையாகாது.

காட்டினாற் கிடைக்கும் மற்றொரு துணை தேனீ. ஏலப்பூ ஒரு நாளே உயிருடன் இருக்கும். தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிடின் அப்பூ காயாகாது உதிரும். பாகல், வெள்ளரி, பூசணி முதலிய மரக்கறிக் கொடிகளும் பூச்சிகளின் துணையாலேயே காய்க்கின்றன. மரப்பொந்துகளில் வாழும் இத்தேனீக்களுக்குக் காடே வீடு. ஆகவே காட்டைக் காப்பவர் தம் மரக்கறிப் பந்தலையும் காப்பவராகிறார்.

ஏலத்திற்கு ஏற்ற காணி எது?

ஏலம் ஏறக்குறைய 2000 அடி, அதாவது 600 மீற்றர் உயரத்திற்கு மேற்பட்ட இடங்களிலேயே பயன் தரும். அதனினும் தாழ்ந்த இடத்தில் செடி தழைக்கலாம். காய்ப்புத் திருப்தியாக இராது. எனவே முதலில் தம் காணியின் உயரத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பள்ளத்தாக்கு வயலை அடுத்த மேட்டு நிலங்களில் ஏலம் நட்டுப் பணத்தையும் காலத்தையும் இழத்தல் கூடாது. உயர்ந்த சரிவில் வீட்டுத் தோட்டம் உடையோருக்கே இப்பயிர் உரியது.

மண் இலையுக்கல் மிகுந்து, ஈரம் காத்து, அதே வேளை நீர் தேங்காது இருத்தல் அவசியம். பலத்த காற்று வீசும் முனைகள் ஆகா. இலை கிழிந்து செடி மெலியும்.

நிழலை முதலில் நடுதல்

காட்டை நாடாது ஏலம் செய்ய விரும்புவோர் முதலில் நடவேண்டியது ஏலத்தையன்று, நிழலையே. வீட்டுத் தோட்டத்தில் ஏற்கெனவே பலா, சாதிக்காய் முதலிய மரங்கள் உளவாயின் அவை போதும். இல்லையாயின் கிளிரிசிடியா, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை ஓராண்டு முன்னரே ஊன்றி வைத்தல் நன்று. இவை விரைவில் தழைப்பதோடு, மண்ணுக்குத் தழைச்சத்தும் தருவன.

ஏறக்குறையப் பாதி வெயில் நிலத்தில் விழும்படி நிழல் அமைதல் வேண்டும். நிழல் மிகுந்தால் இலை செழிக்கும், காய் குறையும். நிழல் குறைந்தால் இலை மஞ்சளித்துக் கருகும். மழைக்காலம் தொடங்குமுன் தாழ்ந்த கிளைகளைக் கழித்து விடவும். கழித்த தழையைச் செடியைச் சுற்றி மூடுபடையாக இடலாம். தடித்த கிளைகளைக் காய் உலர்த்தும் விறகுக்கெனச் சேமிக்கலாம். இவ்வாறு செய்வோர் விறகுக்காகக் காட்டை நாட வேண்டியதில்லை.

நடுகையும் பராமரிப்பும்

கன்றுகளை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்க உத்தியோகத்தர் மூலம் விசாரித்து, நம்பத்தக்க நாற்றுமேடைகளிலிருந்து பெறுதல் நன்று. இத்திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் உள்ளது. நோயற்ற, நன்கு காய்க்கும் செடியிலிருந்து பிரித்த கிழங்குக் கன்றையும் நடலாம். அதில் ஒரு முதிர்ந்த தண்டும் ஓரிரு இளமுளைகளும் இருத்தல் வேண்டும். விதையால் நாற்றிடுவோர் புதிதாகப் பறித்த பழத்தின் விதையையே விதைக்கவும். ஏலவிதை நாட்படின் முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்து விடும்.

குழி இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உடையதாக இருக்கலாம். மேல்மண்ணோடு கூட்டெருவைக் கலந்து குழியை நிரப்புக. சிறுவகை ஏலத்திற்கு ஆறடியும், பெருவகைக்கு எட்டு முதல் பத்தடியும் இடைவெளி விடலாம். சரிவில் வரிசைகளைச் சம உயரக் கோட்டில் அமைத்து, தோட்டங்களில் ‘கான்’ என வழங்கும் வடிகால்களை இடையிடையே வெட்டுதல் மண்ணரிப்பைத் தடுக்கும். தென்மேற்குப் பருவமழை நிலைபெற்றபின் நடுவது ஏற்றது. கன்றை ஆழமாகப் புதைத்தல் பெருந்தவறு. ஆழத்திற் புதைந்த கிழங்கு புதுமுளை விடாது அழுகும். கன்று காற்றில் ஆடாதவாறு சிறு தடி ஊன்றிக் கட்டுக.

சருகு மூடுபடை ஏலத்திற்கு உயிர் போன்றது. ஆயினும் பூக்கும் காலத்தில் தூரையொட்டிய சருகைச் சற்று விலக்கி விடுதல் வேண்டும். நிலத்தை ஒட்டிக் கிடக்கும் பூங்கொத்துச் சருகில் மறைந்தால் தேனீ அதனைக் காணாது. ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்தபின், காய்ந்த தண்டுகளையும் பழைய கொத்துக்களையும் வெட்டித் தூரைத் துப்புரவாக்குக. கூட்டெரு, மாட்டெரு ஆகியவற்றை மழை தொடங்கும்போது இடலாம். செயற்கைப் பசளையின் அளவை உத்தியோகத்தரின் ஆலோசனைப்படி மண்ணுக்கேற்ப வகுத்தல் வேண்டும்.

நோயும் பூச்சியும்

ஏலத்தை வருத்தும் நோய்களுள் தென்னிந்தியாவில் ‘கட்டே’ எனப்படும் வைரசு நோய் கொடியது. இளம் இலையில் நரம்புக்கு இணையாக வெளிர்க்கோடுகள் தோன்றும்; நாளடைவில் தூர் குறுகிக் காய்ப்பு நின்றுவிடும். அழுக்கணவன் பூச்சியே இதனைப் பரப்புகிறது. நோயுற்ற தூருக்கு மருந்தில்லை. உடனே கிழங்கோடு தோண்டி அழித்தலே வழி. அப்பூச்சி சேம்பு இனச் செடிகளிலும் வாழ்வதால், ஏலத்தின் அருகே காட்டுச் சேம்பை வளரவிடாதிருத்தல் நன்று.

நீர் தேங்கும் இடத்தில் கிழங்கும் காயும் அழுகும். வடிகாலைச் செம்மை செய்தலும் நிழலைக் கழித்தலும் இதற்கு முதன்மையான பரிகாரங்கள். பனிப்பூச்சி தாக்கிய காய்களின் தோல் சொறிபோல் தடித்துச் சந்தையில் விலை குறையும். தண்டு துளைப்பான் புகுந்த தண்டின் நடுக்குருத்துக் காய்ந்து நிற்கும். அத்தகைய தண்டை வெட்டி எரித்து விடவும்.

பூச்சிநாசினியை எண்ணித் துணிதல் வேண்டும். ஏலப்பூவில் தேனீக்கள் முற்பகலிலேயே மிகுதியாக உலாவும். அவ்வேளையில் ஏலத்திற்கோ அருகிலுள்ள மரக்கறிக்கோ மருந்தடித்தால் தேனீக்கள் மடியும், காயும் குறையும். அடித்தே தீரவேண்டிய நிலை வரின் மாலையில் அடிக்கவும். இயன்றோர் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்தல் இருமடங்கு நன்மை தரும்.

அறுவடையும் உலர்த்தலும்

நட்ட மூன்றாம் ஆண்டளவில் காய்ப்புத் தொடங்கும். ஒரே கொத்தில் பூவும் பிஞ்சும் முதிர்ந்த காயும் ஒருங்கே இருக்குமாகையால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை முதிர்ந்தவற்றை மாத்திரம் கையாற் பறித்தல் வேண்டும். உள்விதை கருமை அடைந்து, தோல் இன்னும் பசுமையாக இருக்கும் நிலையே தக்க பருவம். பழுக்க விட்டால் உலரும்போது தோல் வெடிக்கும். பிஞ்சாகப் பறித்தால் சுருங்கி எடை குறையும்.

ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். பச்சை நிறம் மங்காத காய்க்கே சந்தையில் மதிப்பு. நேர் வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளிறிவிடும். அடுப்பின் மேற் பரணில் உலர்த்தினால் புகைநாற்றம் ஏறும். கழுவிய காயைத் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, புகை படாத இளஞ்சூட்டில், 45 முதல் 50 பாகை வரையான வெப்பத்தில், நன்கு உலரும் வரை வைத்தல் முறை. அயல் வீட்டார் சிலர் ஒன்றுகூடி ஒரு சிறு உலர்த்தும் அறையைப் பொதுவாக அமைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும். உலர்ந்த காயை ஈரம் புகாத உறையிலிட்டு, இருளான இடத்திற் காக்கவும்.

உலகச் சந்தையைப் பற்றியும் ஒரு சொல். ஏலத்தின் தாயகம் ஆசியாவாயினும், இன்று மிகுதியாக விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவாகும். அங்கு விளைச்சல் ஏறியும் இறங்கியும் வருவதற்கேற்ப எங்கும் விலை மாறும். ஆதலின் ஏலம் ஒன்றையே நம்பி வாழ்தல் தகாது. நெல்லும் மரக்கறியும் உணவைத் தர, ஏலம் கைச்செலவுக்கு உதவும் துணைப்பயிராக இருத்தலே பொருத்தமாகும்.

தாழ்ந்த நிலத்தாருக்கும் தோட்டப்புறத்தாருக்கும்

ஏலம் விளையாத தாழ்ந்த காணி உடையோர் மனந்தளர வேண்டியதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இஞ்சியும் மஞ்சளும் மரநிழலின் இடைவெளிகளில் நன்கு வளர்வன. கிளிரிசிடியாத் தடிகளிலே மிளகுக் கொடியை ஏற்றி, அதனடியில் மஞ்சள் நட்டால் ஒரே நிலத்தில் இரு வாசனைப் பயிர்கள் கிடைக்கும். இஞ்சிக்கு வடிகால் நன்கு அமைதல் வேண்டும். ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் நடாது, இடத்தை மாற்றி நடுதல் அழுகல் நோயைக் குறைக்கும்.

தோட்டங்களில் லயன் வீடுகளை ஒட்டிச் சிறு மரக்கறித் துண்டு வைத்திருக்கும் குடும்பங்கள் பல உள. நிலம் தமதன்று என்பதால் பல்லாண்டுப் பயிரை நடுவதற்கு அவர்கள் தயங்குதல் இயல்பே. அத்தகையோர் பழைய சாக்குகளில் மேல்மண்ணும் கூட்டெருவும் நிரப்பி இஞ்சியும் மஞ்சளும் நடலாம். ஓராண்டுக்குள் விளைவு கைக்கு வரும். வேண்டின் சாக்கோடு பெயர்த்தும் செல்லலாம். ஏலம் போன்ற நிலைப்பயிர் நட விரும்பின், தோட்ட நிர்வாகத்தின் இசைவை முன்னரே எழுத்திற் பெறுதல் பின்னைய தகராறுகளைத் தவிர்க்கும்.

கொரரிமாவை இங்கு கொண்டுவரலாமா?

கொரரிமாவைப் பற்றிப் படித்தோர், “அதன் விதையை வருவித்து இங்கே நட்டால் என்ன?” எனக் கேட்கக்கூடும். அவ்வாறு செய்தல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டு விதையையோ கன்றையோ அனுமதியின்றி நாட்டுக்குட் கொணர்தல் தடுக்கப்பட்டுள்ளது. கிழங்கோடும் விதையோடும் புதிய நோய்கள் வந்து நம் ஏலத்தையும் இஞ்சியையும் தாக்கக்கூடும்.

புதிய செடியே பெருங்களையாக மாறுதலும் உண்டு. மாட்டுத் தீனிக்கென ஆப்பிரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட கினிப்புல், இன்று எத்தனை மலைச்சரிவுகளை மூடி, கோடையில் எத்தனை தீக்களுக்கு இரையாகிறது என்பதை நாம் கண்ணாற் காண்கிறோம். எதியோப்பியக் கமக்காரரிடமிருந்து நாம் பெறவேண்டியது அவர்களுடைய விதையன்று. காட்டுப் பயிரைத் தாமே வளர்த்த நிழலில் நடும் அவர்களுடைய வழக்கமே.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றின் சாரம் இது. தம் காணியின் உயரத்தை அறிக. 2000 அடிக்கு மேலாயின் நிழல்மரம் நட்டு, அடுத்த ஆண்டில் பத்து ஏலக்கன்றுகளோடு தொடங்குக. பயனைக் கண்டபின் பெருக்குக. அதனிலும் தாழ்ந்த நிலமாயின் மிளகும் மஞ்சளும் இஞ்சியும் நடுக. காட்டேலத்தைக் காட்டிலேயே விட்டுவைக்க. ஒதுக்கப்பட்ட காட்டில் அடிச்செடிகள் வெட்டப்படுவதைக் கண்டால் கமக்காரர் அமைப்பில் எடுத்துரைத்து, வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்திற்கு அறிவிக்க. அங்கு வெட்டுண்பது தம் வயலின் நீர் என்பதை ஒவ்வொருவரும் உணர்தல் வேண்டும்.

பலாமரம் ஒன்று நிழல்தர ஏறக்குறையப் பத்தாண்டு செல்லும். கிளிரிசிடியாத் தடி ஓராண்டிலேயே நிழல் தரும். இரண்டையும் இம்மழையோடு நடுவோர் அண்மைக் காலப் பயனையும் நெடுங்காலப் பயனையும் ஒருங்கே பெறுவர். மழைக்கு முன்னரே தடிகளைத் தெரிந்தெடுத்து, குழிகளை வெட்டி ஆயத்தமாக இருப்பாராக.